கல்லூரி ஆசிரியர்களுக்கான சி.ஏ.எஸ். பதவி உயர்வு: தகுதி நாள் முதல் ஆணை வரை

கலை, அறிவியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்து, வகுப்பெடுப்பதையே முழு வேலையாகக் கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். சி.ஏ.எஸ். (கேரியர் அட்வான்ஸ்மென்ட் ஸ்கீம்) என்பது பணிக்காலத்தையும் செயல்பாட்டையும் வைத்து ஆசிரியருக்குப் பதவி உயர்வு தரும் திட்டம். அதன் கோப்புகளைச் சரிபார்க்கும் மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் நான். நன்றாகப் பாடம் நடத்துகிற ஆசிரியர்கள் ஓராண்டு, ஈராண்டு என்று பதவி உயர்வை இழப்பதைப் பார்த்தால் மனம் ஆறுவதில்லை. அவர்களுக்குத் தகுதி இருக்கும், அதைக் காட்டும் தாள் மட்டும் இருக்காது. பதவி உயர்வுக்குத் தகுதி பெறும் நாள் நெருங்கியபிறகு நான்கைந்து ஆண்டுத் தாள்களைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆகவே கீழே உள்ள வரிசையை வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே தொடங்குங்கள்.

ஏணி இதுதான்: லெவல் 10 என்ற ஊதிய நிலையில் சேர்கிறீர்கள். லெவல் 11 சீனியர் ஸ்கேல், 12 செலக்ஷன் கிரேடு, 13ஏ இணைப் பேராசிரியர், 14 பேராசிரியர். இங்கே சொல்வது கல்லூரி ஆசிரியர்களுக்கான நிபந்தனைகள். பல்கலைக்கழகத் துறைகளில் பணியாற்றுபவர்களுக்கு முதல் படியிலேயே ஆய்வுக் கட்டுரை கேட்பார்கள். அவர்களுடைய பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

1. எந்த விதிமுறை என்று உறுதி செய்யுங்கள்

இப்போது அடிப்படையாக இருப்பது யூ.ஜி.சி. என்ற பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலை 18 அன்று அறிவித்த விதிமுறைகள். அதற்கு முன்பிருந்த 2010 விதிமுறைகளில் ஏ.பி.ஐ. என்று ஒவ்வொரு வேலைக்கும் புள்ளி போடும் முறை இருந்தது. பழைய கோப்பு ஒன்றை மாதிரியாக வாங்கி, அதே படிவத்தில் புள்ளிக் கணக்குப் போட்டுக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2018-க்குப் பிறகு லெவல் 13ஏ வரைக்கும் கேட்பது ஆண்டுத் தரநிலையும் பயிற்சியும்தான், புள்ளி அல்ல. பேராசிரியர் நிலைக்கு மட்டும் ஆய்வுப் புள்ளி உண்டு.

யூ.ஜி.சி. விதிமுறையை அடுத்து, அதை உங்கள் மாநில அரசு எந்த ஆணையால், எந்தத் திருத்தங்களோடு ஏற்றிருக்கிறது என்பதையும் பாருங்கள். சம்பளம் கொடுப்பது மாநில அரசு என்றால், கல்லூரிக் கல்வி இயக்ககத்தில் கோப்பைப் பார்ப்பவர் அரசாணையைத்தான் கையில் வைத்திருப்பார். முதல்வர் அலுவலகத்தில் அந்த ஆணையின் நகல் இருக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2025 ஜனவரியில் யூ.ஜி.சி. புதிய வரைவு விதிமுறைகளை வெளியிட்டது. அதே மாதம் தமிழ்நாடு சட்டப்பேரவை அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. வரைவில் இருப்பதை வைத்து உங்கள் திட்டத்தை மாற்றாதீர்கள். உங்கள் தகுதி நாளில் எது நடைமுறையில் இருக்கிறதோ அதுதான் உங்களுக்குப் பொருந்தும்.

2. தகுதி நாளைக் கணக்கிட்டு எழுதி வையுங்கள்

எல்லா வேலைக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. பயிற்சி, அறிக்கை, சான்று எல்லாமே "மதிப்பீட்டுக் காலத்துக்குள்", அதாவது அந்தப் படிக்குக் கணக்கில் எடுக்கும் ஆண்டுகளுக்குள், இருக்க வேண்டும். அந்தக் காலம் எங்கே முடிகிறது என்று தெரியாமல் எதைச் சேர்த்தாலும் வீணாகலாம்.

லெவல் 10-லிருந்து 11-க்குப் போக, பிஎச்.டி. இருந்தால் 4 ஆண்டு, எம்.பில். அல்லது எல்.எல்.எம்., எம்.டெக். போன்ற தொழிற்படிப்பு முதுகலை இருந்தால் 5 ஆண்டு, இவை எதுவும் இல்லாமல் நெட், செட் தகுதியோடு சேர்ந்திருந்தால் 6 ஆண்டு. அடுத்து 11-லிருந்து 12-க்கு 5 ஆண்டு. 12-லிருந்து 13ஏ-க்கு 3 ஆண்டு. 13ஏ-லிருந்து 14-க்கு 3 ஆண்டு.

18.06.2018 அன்று பிஎச்.டி.யோடு சேர்ந்தவருக்கு முதல் தகுதி நாள் 18.06.2022. அதே நாளில் நெட் தகுதியோடு மட்டும் சேர்ந்தவருக்கு 18.06.2024. இரண்டாமவர் இடையில், 2022 நவம்பரில் பிஎச்.டி. பெற்றால், 4 ஆண்டுப் பணி ஏற்கெனவே முடிந்திருப்பதால் பட்டம் கிடைத்த நாளிலிருந்தே கேட்கலாம். வாய்மொழித் தேர்வு நாளா, பல்கலைக்கழக அறிவிப்பு நாளா, தற்காலிகச் சான்றின் நாளா என்ற கேள்வி கட்டாயம் வரும். மூன்று தாளையும் சேர்த்து வையுங்கள்.

முதல் தகுதி நாளை ஒரு முறை தவறவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு படியும் அதே அளவு தள்ளிப்போகும். பிஎச்.டி.யோடு சேர்ந்தவர் பேராசிரியராக ஆகக் குறைந்தது 15 ஆண்டு. முதல் படியில் ஓராண்டு நழுவினால் அந்த ஓராண்டு ஓய்வு பெறும்வரை கூடவே வரும்.

மூன்று இடங்களில் கணக்குப் பிசகுகிறது.

முந்தைய பணி. வேறு கல்லூரியில் ஆற்றிய பணியைச் சேர்க்கலாம், தனியாரா அரசா என்ற பாகுபாடு இல்லை. ஆனால் அங்கே முறையான தேர்வுக் குழு வழியாக நியமிக்கப்பட்டிருக்க வேண்டும், அப்போது உங்களுக்கு உரிய கல்வித் தகுதி இருந்திருக்க வேண்டும். தற்காலிகப் பணி என்றால், வாங்கிய மொத்த ஊதியம் நிரந்தர உதவிப் பேராசிரியரின் மாத ஊதியத்துக்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் கௌரவ விரிவுரையாளராக இருந்தவர்கள் இந்தக் கடைசி நிபந்தனையில்தான் தடுக்கப்படுகிறார்கள். எத்தனையோ ஆண்டு உழைப்பு கணக்கில் வராமல் போவது நியாயமில்லை என்பதுதான் என் கருத்து. ஆனால் விதி இப்படி இருக்கும்போது, வராத ஆண்டுகளை நம்பித் தகுதி நாளை முன்னால் போட்டால் கோப்பு முழுவதும் திரும்பி வரும்.

சம்பளமில்லா விடுப்பு. இது பணிக்காலத்தில் சேருமா, சேராதா என்பது பணிப்பதிவேட்டில் எப்படிப் பதிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. பதிவேட்டைத் திறந்து பார்க்காமல் தகுதி நாளை எழுதாதீர்கள்.

ஆய்வுக் காலம். விடுப்பு எடுக்காமல், வகுப்பும் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாக பிஎச்.டி. செய்த காலம் பணி அனுபவமாகக் கணக்கில் வரும். இதற்குக் கல்லூரியிடம் முன்கூட்டியே வாங்கிய தடையின்மைச் சான்று கோப்பில் இருப்பது நல்லது.

3. நேரம் பிடிக்கும் தாள்களை முதலில் கேளுங்கள்

சில தாள்கள் ஒரே நாளில் கிடைக்கும், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பட்டங்களின் உண்மைத்தன்மைச் சான்று இரண்டாவது வகை. இளங்கலை ஒரு பல்கலைக்கழகம், முதுகலை இன்னொன்று, பிஎச்.டி. மூன்றாவது என்றால் மூன்று இடத்துக்கும் தனித்தனியாகப் போக வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

அதோடு நியமன ஆணை, பணியேற்பு அறிக்கை, பல்கலைக்கழகத்தின் தகுதி ஒப்புதல், உதவி பெறும் கல்லூரி என்றால் நியமனத்துக்கு மண்டல இணை இயக்குநர் தந்த ஒப்புதல், தகுதிகாண் பருவம் நிறைவடைந்த ஆணை, இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். பெயரின் எழுத்துக்கூட்டலும் முதலெழுத்தும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பட்டச் சான்றில் ஒரு முதலெழுத்து, நியமன ஆணையில் இரண்டு என்று இருந்தால் இப்போதே திருத்தம் கேளுங்கள். பதவி உயர்வுக் குழு கூடும் வாரத்தில் அது நடக்காது.

4. வகுப்புக் கணக்கை வாரந்தோறும் எழுதுங்கள்

ஆண்டுத் தரநிலையின் முதல் அளவுகோல் கற்பித்தல். உங்களுக்கு ஒதுக்கிய வகுப்புகளில் எத்தனை சதவீதம் எடுத்தீர்கள் என்பதுதான் கேள்வி. 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் "நன்று". 70-லிருந்து 80-க்குள் என்றால் "திருப்தி". 70-க்குக் கீழே போனால் "திருப்தியில்லை".

உதவிப் பேராசிரியருக்கு நேரடிக் கற்பித்தல் வாரத்துக்கு 16 மணி நேரம். ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்தால் 480 வகுப்பு. 80 சதவீதம் என்றால் 384, 70 சதவீதம் என்றால் 336. பார்க்க எளிதாகத் தெரியும். ஆனால் பருவத்தின் நடுவே 21 நாள் பயிற்சிக்குப் போனால் ஏறக்குறைய 48 வகுப்பு போய்விடும், அதாவது 10 சதவீதம். தற்செயல் விடுப்பு 12 நாளையும் எடுத்திருந்தால் இன்னொரு 38 போல. மீதி 394, அதாவது 82 சதவீதம். இதற்கு மேல் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு ஒரு வாரம் போனால் 80-க்குக் கீழே வந்துவிடுவீர்கள். ஆகவே நீண்ட பயிற்சியை முடிந்தவரை விடுமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். பருவத்தின் நடுவே போகத்தான் வேண்டும் என்றால், திரும்பி வந்து ஈடுசெய்யும் வகுப்புகளை எடுத்து, அவற்றைத் தேதியோடு தனியாக எழுதுங்கள்.

பதிவேட்டில் ஒவ்வொரு வரியிலும் தேதி, மணி, வகுப்பு, பாடக் குறியீடு, அன்று நடத்திய பகுதி ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். வாரக் கடைசியில் துறைத் தலைவரின் சுருக்கொப்பம். மாதக் கடைசியில் ஒதுக்கியது இத்தனை, எடுத்தது இத்தனை என்று ஒரு வரி. ஆண்டு முடிந்தபிறகு உட்கார்ந்து ஒரே மையில், ஒரே கையெழுத்தோட்டத்தில் எழுதிய பதிவேட்டைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமை மாலை பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

இங்கே அதிகம் பிசகுவது வகுக்கும் எண். கால அட்டவணையை 30-ஆல் பெருக்கி எழுதுவதா, அல்லது உள்ளூர் விடுமுறை, தேர்வு நாள் எல்லாம் போக உண்மையில் வேலை நடந்த நாட்களை வைத்து எழுதுவதா? உங்கள் கல்லூரி எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவான ஐ.க்யூ.ஏ.சி.யிடம் எழுத்தில் கேட்டுக்கொண்டு, எல்லா ஆண்டுக்கும் அதையே பின்பற்றுங்கள். ஓராண்டு ஒரு முறை, அடுத்த ஆண்டு இன்னொரு முறை என்று இருந்தால் குழுவில் வரும் பாட நிபுணர் முதலில் கேட்பது அதைத்தான்.

மாற்று வகுப்புகளிலும் கவனம் வேண்டும். உங்கள் மணியைச் சக ஆசிரியர் எடுத்து, அவருடைய மணியை நீங்கள் எடுத்தால், இரண்டு பதிவேட்டிலும் அது ஒத்துப்போக வேண்டும். ஒரே வகுப்பை இருவரும் எழுதிக்கொண்டால் இருவர் கோப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

5. விடுப்பில் இருந்த காலத்தைச் சரியாகக் கழியுங்கள்

மகப்பேறு விடுப்பு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பு, கல்வி விடுப்பு, மருத்துவ விடுப்பு, அயற்பணி போன்ற காலங்களைத் தரநிலை மதிப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டு, மீதிக் காலத்தை மட்டும் மதிப்பிட்டு, அதையே முழுக் காலத்துக்கும் விரித்துக்கொள்ள வேண்டும் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. முறைப்படி விடுப்பு எடுத்த ஆசிரியர் அதனால் பதவி உயர்வில் பாதிக்கப்படக் கூடாது என்றும் சொல்கிறது.

இருந்தும் நடப்பது வேறு. ஒரு துறையில், பாதி ஆண்டு மகப்பேறு விடுப்பில் இருந்த ஆசிரியர், மீதிப் பாதியில் ஒதுக்கிய 240 வகுப்பில் 204 எடுத்திருந்தார். அது 85 சதவீதம், "நன்று". துறையில் கணக்குப் போட்டவர் 204-ஐ 480-ஆல் வகுத்து 42.5 சதவீதம் என்று எழுதி, "திருப்தியில்லை" என்று போட்டுவிட்டார். அந்த அம்மையார் அது சரிதான் போலிருக்கிறது என்று நினைத்து, அடுத்த ஆண்டுவரை விண்ணப்பிக்கவே இல்லை.

இப்படி யாருக்கும் நேரக் கூடாது. விடுப்பு எடுத்த ஆண்டின் அறிக்கையில், விடுப்பு ஆணையின் எண்ணையும் தேதியையும் எழுதி, நீக்கிய காலம் எது, மதிப்பிட்ட காலம் எது என்று இரண்டு வரியில் நீங்களே காட்டிவிடுங்கள். விதியின் அந்தக் குறிப்பையும் நகலெடுத்துப் பக்கத்திலேயே வையுங்கள்.

6. இரண்டாவது அளவுகோலைக் காலியாக விடாதீர்கள்

பாடம் நடத்துவதில் மட்டும் கருத்தாக இருப்பவர்கள் விழும் இடம் இது. 100 சதவீத வகுப்பு எடுத்திருந்தாலும், கற்பித்தலுக்கு வெளியே ஒரு செயல்பாடுகூட இல்லாவிட்டால் அந்த ஆண்டின் ஒட்டுமொத்தத் தரநிலை "திருப்தியில்லை"தான்.

மூன்று செயல்பாட்டுக்குக் குறையாமல் இருந்தால் "நன்று", ஒன்றோ இரண்டோ இருந்தால் "திருப்தி". எவையெல்லாம் சேரும்? துறைத் தலைவர், ஒருங்கிணைப்பாளர், விடுதிக் காப்பாளர் போன்ற நிர்வாகப் பொறுப்புகள், தேர்வுப் பணியும் விடைத்தாள் திருத்தமும், மாணவர் மன்றம், களப்பயணம், விளையாட்டு, நாட்டு நலப்பணித் திட்டம், என்.சி.சி., கருத்தரங்கு நடத்துதல், பிஎச்.டி. மாணவருக்கு வழிகாட்டுதல், நிதியுதவி பெற்ற ஆய்வுத் திட்டம், ஆண்டுக்கு ஒரு கட்டுரை. மூன்றும் ஒரே வகைக்குள் இருக்கலாம், வெவ்வேறு வகையிலும் இருக்கலாம்.

பட்டியலைப் பார்த்தால், ஏறக்குறைய எல்லா ஆசிரியரும் ஏற்கெனவே செய்து வரும் வேலைகள்தான். குறைவது ஆணைதான். "இந்த ஆண்டு தமிழ் மன்றத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் சார்" என்று முதல்வர் வராந்தாவில் வாய்மொழியாகச் சொல்லியிருப்பார். ஆண்டு முழுக்க ஓடியாடியிருப்பீர்கள். தாளில் ஒன்றும் இருக்காது. அதனால் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே, பொறுப்பு ஒதுக்கீட்டுச் சுற்றறிக்கையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு வரி ஆணை கேட்டு வாங்குங்கள். ஆண்டு முடிவில் நிகழ்ச்சி அறிக்கை, இரண்டு படம், வருகைப் பட்டியல் ஆகியவற்றை அந்த ஆணைக்குப் பின்னால் இணையுங்கள். விடைத்தாள் திருத்தப் போனால் வருகைச் சான்று வாங்காமல் முகாமை விட்டு வராதீர்கள். ஒரு வருடம் கழித்துத் தேர்வாணையர் அலுவலகத்தில் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

7. பயிற்சிகளைத் தகுதி நாளுக்கு முன்பே முடியுங்கள்

லெவல் 11-க்கு இரண்டு வேண்டும். ஒன்று, கற்பித்தல் முறை பற்றிய 21 நாள் அறிமுகப் பயிற்சி. ஓரியண்டேஷன் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இரண்டு, ஐந்து நாளுக்குக் குறையாத புத்தொளிப் பயிற்சி அல்லது பயிலரங்கு; அதற்குப் பதிலாகச் சான்றிதழோடு முடித்த ஒரு மூக் படிப்பும் (யாரும் சேரக்கூடிய இணையவழிப் படிப்பு) ஆகும்.

லெவல் 12-க்கு அந்த 5 ஆண்டுக்குள் இரண்டு. பயிற்சி என்றால் ஒவ்வொன்றும் இரண்டு வாரம், அதாவது 10 நாளுக்குக் குறையக் கூடாது. 10 நாள் பயிற்சி ஒன்றுக்குப் பதிலாக 5 நாள் பயிற்சி இரண்டைக் காட்டலாம். மூக் படிப்பும், விதியில் சொன்ன அளவுக்கு மின்பாடம் உருவாக்கியதும் கணக்கில் வரும். லெவல் 13ஏ-க்கு அந்த 3 ஆண்டுக்குள் இதே போல ஒன்று, அதோடு பிஎச்.டி. கட்டாயம். பிஎச்.டி. இல்லாத கல்லூரி ஆசிரியர் லெவல் 12-ல் நின்றுவிடுவார். சீனியர் ஸ்கேல் வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பிஎச்.டி. பதிவைத் தள்ளிப்போடுபவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பழைய கல்விப் பணியாளர் கல்லூரிகள் பின்னால் மனிதவள மேம்பாட்டு மையங்களாகி, இப்போது மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள் என்ற பெயரில் இயங்குகின்றன. சென்னைப் பல்கலைக்கழகம், பாரதியார், பாரதிதாசன் பல்கலைக்கழகங்களில் இவை உண்டு. இணையவழி வகுப்புகளும் நடக்கின்றன. மூக் படிப்பு என்றால் மத்திய அரசின் ஸ்வயம் தளம், அதில் ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். வழங்கும் படிப்புகள். காணொளிகளைப் பார்த்து முடித்தால் போதாது, தேர்வெழுதிச் சான்றிதழ் பெற வேண்டும்.

இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு படிக்குக் காட்டிய சான்றிதழை அடுத்த படிக்கும் காட்டுவது ஒன்று. மதிப்பீட்டுக் காலம் மாறிவிட்டதால் அது தள்ளப்படும். ஐந்து நாள் என்று அறிவித்து நான்கு நாளில் முடித்த பயிலரங்கின் சான்றிதழைக் காட்டுவது மற்றொன்று. தொடக்க நாள், முடிவு நாள் இரண்டும் சான்றிதழில் அச்சாகியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள்.

தகுதி நாளுக்குப் பிறகு பயிற்சியை முடித்தால் பதவி உயர்வு போய்விடாது, ஆனால் அதன் தேதி பயிற்சி முடிந்த நாளுக்குத் தள்ளிப்போகும். மேலே சொன்ன 18.06.2022 ஆசிரியர் 30.09.2022 அன்று ஓரியண்டேஷனை முடித்தால், அந்த மூன்று மாதத்துக்கு மேலான இழப்பு அவருடைய அடுத்த மூன்று படிகளுக்கும் போகும்.

8. ஆண்டு அறிக்கையை அந்தந்த ஆண்டே கொடுங்கள்

ஒவ்வொரு கல்வியாண்டு முடிவிலும் தன்மதிப்பீட்டு அறிக்கையைச் சான்றுகளோடு துறைத் தலைவர் வழியாகக் கொடுக்க வேண்டும். துறைத் தலைவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆவணங்களைக் காக்கும் பொறுப்பு ஐ.க்யூ.ஏ.சி.க்கு உண்டு.

நான்கு ஆண்டு அறிக்கையையும் சேர்த்து ஒரே நாளில் கொடுத்து, நான்கிலும் ஒரே தேதியில் கையெழுத்து வாங்குவது பல இடங்களில் பழக்கமாகிவிட்டது. இடையில் துறைத் தலைவர் ஓய்வு பெற்றிருப்பார், அந்த ஆண்டுக்குக் கையெழுத்திட ஆள் இருக்காது. ஏப்ரலிலோ மேயிலோ கொடுத்துவிட்டு, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

எல்லா ஆண்டும் "நன்று" வேண்டும் என்பதில்லை. 4 ஆண்டு மதிப்பீட்டில் 3 ஆண்டு, 5-ல் 4, 6-ல் 5, 3-ல் 2 ஆண்டு "நன்று" அல்லது "திருப்தி" இருந்தால் போதும். ஓராண்டு சறுக்கினால் பயந்து விண்ணப்பத்தை ஒத்திப்போட வேண்டாம்.

9. விண்ணப்பத்தை மூன்று மாதத்துக்கு முன்னால் கொடுங்கள்

தகுதி நாளுக்கு மூன்று மாதம் முன்னதாகவே எழுத்தில் விண்ணப்பிக்க விதி இடம் தருகிறது. கல்லூரி கூப்பிடும் என்று காத்திருக்காதீர்கள். தகுதி நாளிலேயே விண்ணப்பித்துத் தேர்வானால், குழு எப்போது கூடினாலும் பதவி உயர்வு தகுதி நாளிலிருந்தே கிடைக்கும். குழு கூட ஓராண்டு ஆனாலும் நிலுவைத் தொகை கேட்க உங்களுக்கு ஆதாரம் அந்த விண்ணப்பமும், அதில் விழுந்த தபால் முத்திரையும்தான். விண்ணப்பித்தும் முதல் மதிப்பீட்டில் தேர்வாகாவிட்டால், பின்னால் தேர்வாகும் நாளிலிருந்துதான் கிடைக்கும். அதனால் குறையுள்ள கோப்பை அவசரப்பட்டுக் கொடுக்கவும் கூடாது.

கோப்பை அடுக்கும் வரிசை: முதலில் ஒரு பக்கப் பொருளடக்கம். அடுத்து, ஆண்டு வாரியாக வகுப்புச் சதவீதம், செயல்பாடுகள், தரநிலை மூன்றும் ஒரே அட்டவணையில். பிறகு பணி ஆணைகள், ஆண்டு அறிக்கைகள், பயிற்சிச் சான்றுகள். கடைசியில் கல்விச் சான்றுகள். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, அட்டவணையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே பக்க எண்ணை எழுதுங்கள். நிபுணர் ஒருவர் ஒரே நாளில் பல கோப்புகளைப் பார்ப்பார். கேட்ட தாள் உடனே கிடைத்தால் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். பாராட்டுக் கடிதம், கலந்துகொண்ட ஒருநாள் கருத்தரங்கின் சான்றிதழ் எல்லாவற்றையும் திணித்துக் கோப்பைத் தடிமனாக்காதீர்கள்.

10. குழுவின் முன் உட்காரும்போது

லெவல் 11, 12 இரண்டுக்கும் ஆய்வு மற்றும் மதிப்பீட்டுக் குழு. முதல்வர் தலைவர், துறைத் தலைவர் உறுப்பினர், துணைவேந்தர் நியமிக்கும் பாட நிபுணர்கள் இருவர். இணைப் பேராசிரியர், பேராசிரியர் நிலைகளுக்குத் தேர்வுக் குழு.

நிபுணர்களின் பெயரைப் பல்கலைக்கழகத்திலிருந்து பெறுவதில்தான் தாமதம் ஆகிறது. முதல்வர் அலுவலகத்திலிருந்து அந்தக் கடிதம் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே இருங்கள், தப்பில்லை.

அசல் சான்றுகளைக் கோப்பின் அதே வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். கேள்விகள் பெரும்பாலும் கணக்கில் ஏதேனும் ஒத்துவராத இடத்திலிருந்து வரும். இந்தப் பருவத்தில் ஏன் வகுப்பு குறைந்தது, இந்தப் பயிற்சி நாட்களில் உங்கள் வகுப்பை யார் எடுத்தார்கள் என்பது மாதிரி. பதில் தாளிலேயே இருந்தால் பக்கத்தைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

11. பேராசிரியர் நிலைக்கு 110 புள்ளி

இங்கேதான் கற்பித்தலை முதன்மையாகக் கொண்டவர்கள் திணறுகிறார்கள். பிஎச்.டி.யோடு, மொத்தம் 10 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும், அவற்றில் 3 மதிப்பீட்டுக் காலத்துக்குள் வெளியாகியிருக்க வேண்டும். கூடவே 110 ஆய்வுப் புள்ளி. இவை தனித்தனி நிபந்தனைகள், ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யாது.

கட்டுரைக்கு அடிப்படைப் புள்ளி அறிவியல் துறைகளில் 8, மொழி, கலை, சமூக அறிவியல் துறைகளில் 10. இருவர் சேர்ந்து எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். தேசியப் பதிப்பகத்தில் நூல் என்றால் 10, நூலில் ஓர் இயல் 5, மொழிபெயர்ப்பு நூல் 8. உங்கள் வழிகாட்டலில் ஒருவர் பிஎச்.டி. பெற்றால் 10.

மொழித் துறை ஆசிரியர் ஒருவர் தனியாக 11 கட்டுரை எழுதினால் அடிப்படைப் புள்ளியே 110 வந்துவிடும். ஆனாலும் போதாது, ஏனென்றால் ஆய்வுப் புள்ளி தரும் ஆறு வகைகளில் குறைந்தது மூன்றிலிருந்து புள்ளி வந்திருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, நூல், இயல், மொழிபெயர்ப்பு, சொற்பொழிவு என்று 110-ஐத் தாண்டியும், கட்டுரை 8 மட்டும் இருப்பதால் நின்றுபோனவர்களும் உண்டு. சொற்பொழிவுக்கும் கொள்கை ஆவணத்துக்கும் சேர்த்து மொத்தப் புள்ளியில் 30 சதவீதம்தான் உச்சவரம்பு.

வகுப்பறையை விட்டு அதிகம் விலகாமல் புள்ளி சேர்க்க மின்பாடம் நல்ல வழி. ஒரு தொகுதிக்கு 5 புள்ளி, முழுப் பாடத்துக்கு 12. மூக் படிப்பாக காணொளி, எழுத்துப் பாடம், கலந்துரையாடல், மதிப்பீடு என்ற நான்கு கூறுகளையும் முழுமையாக உருவாக்கினால் 20. புதிய பாடத்திட்டம் வடிவமைத்தால் 2. பாடத்திட்டக் குழுவில் இருப்பவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

இதழ்கள் விஷயத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொல்லும், 2019-ல் வந்த யூ.ஜி.சி. கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். முன்பு வெளியான கட்டுரைகளுக்கு, வெளியான காலத்தில் அந்த இதழ் பட்டியலில் இருந்ததைக் காட்டும் அச்சுப்படி இருந்தால் பத்திரப்படுத்துங்கள். இனி எழுதுபவற்றுக்கு, கட்டுரையை உண்மையாகவே மதிப்பாய்வு செய்தார்கள் என்பதற்கான கடிதப் போக்குவரத்தை, மதிப்பாய்வாளர் குறிப்புகளோடு சேமியுங்கள். இதழ்களுக்கான பதிவெண்ணான ஐ.எஸ்.எஸ்.என். இருப்பது மட்டும் தரத்துக்குச் சான்றாகாது. பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் இதழில் போட்ட கட்டுரையைக் குழுவின் முன் காட்டாதீர்கள், மற்றக் கட்டுரைகளின் மீதும் சந்தேகம் விழும்.

12. ஆணை வந்தபின்

ஆணையில் முதலில் பார்க்க வேண்டியது தேதி. குழு கூடிய நாளைப் பதவி உயர்வு நாளாகப் போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. தகுதி நாள் வர வேண்டிய இடத்தில் கூட்ட நாள் இருந்தால், விண்ணப்பத்தின் முத்திரையிட்ட நகலை இணைத்து உடனே திருத்தம் கேளுங்கள்.

ஊதிய நிர்ணயத்தில், இப்போதைய லெவலில் ஓர் ஊதிய உயர்வு கொடுத்து, அந்தத் தொகைக்குச் சமமான அல்லது அதற்கு அடுத்த கட்டத்தில் புதிய லெவலில் வைப்பார்கள். லெவல் 10 தொடக்கம் 57,700 ரூபாய், 11-க்கு 68,900, 12-க்கு 79,800, 13ஏ-க்கு 1,31,400. பதவி உயர்வு நாளிலிருந்தா, அடுத்த ஊதிய உயர்வு நாளிலிருந்தா என்று விருப்பம் கேட்டால், இரண்டுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் நீங்களே அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பணிப்பதிவேட்டில் பதவி உயர்வும் ஊதிய நிர்ணயமும் ஏறியதை நேரில் போய்ப் பார்த்து, அந்தப் பக்கத்தின் நகலை வாங்குங்கள். அடுத்த படியின் தகுதி நாளை அன்றைக்கே கணக்கிட்டு, புதிய கோப்பின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். புதிய மதிப்பீட்டுக் காலம் ஆணையில் உள்ள பதவி உயர்வு நாளிலிருந்து ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருக்கும். ஆணை ஓராண்டு தாமதமாக வந்திருந்தால், அந்த ஓராண்டில் நீங்கள் முடித்த பயிற்சியும் கொடுத்த ஆண்டு அறிக்கையும் புதிய கோப்புக்கு உரியவை.